நெடுஞ்சாலை காணாத டீசல் வண்டி

ஒரே நிறுவனத்தின் ஒரே வகை டீசல் எஸ்.யு.வி. இரண்டு, ஒரே மாதத்தில் திருச்சிராப்பள்ளியில் விற்பனையாகின்றன என்று கொள்ளலாம். அவற்றுள் ஒன்று வாரத்துக்கு இருமுறை சென்னைக்குச் சென்று திரும்பி, இரண்டே ஆண்டுகளில் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. மற்றொன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று, காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, மாலையில் காவிரிப் பாலத்தைக் கடந்து மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைவீதிக்கோ தில்லைநகருக்கோ சென்று வருவதோடு சரி. அதிகம் உழைத்த வண்டியே முதலில் பழுதாக வேண்டும் என்பதுதான் பொது அறிவின் கணக்கு. ஆனால் புள்ளிகள் நிறைந்த சிறு பெட்டி போன்ற எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் இரண்டாவது வண்டியின் முகப்புப் பலகையில்தான் எரிகிறது. சர்வீஸ் சென்டரில் காட்டினால் 'டி.பி.எஃப். அடைத்துக்கொண்டது' என்கிறார்கள், வண்டியின் உரிமையாளரோ, ஓடாத வண்டியில் எது எப்படி அடைக்கும் என்று திகைக்கிறார்.

டி.பி.எஃப். என்பது டீசல் துகள் வடிகட்டி, அதாவது இயந்திரத்திலிருந்து வெளிவரும் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் கருவி. 2000ஆம் ஆண்டில் பிரான்சின் பெஜோ நிறுவனம் தனது 607 காரில் அதைப் பொருத்தியதிலிருந்து ஐரோப்பியக் கார்களில் படிப்படியாகப் பரவியது; இந்தியாவில் அதைப் பரவலாக்கியது 2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 என்னும் மாசு வரம்பு. அதற்கு முந்தைய நிலை 4இல் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வெளியிடலாம் என்றிருந்தது, புதிய வரம்பில் 4.5 மில்லிகிராமாகச் சுருங்கியது. அத்துடன் எடையை மட்டும் பாராமல் துகள்களின் எண்ணிக்கையையும் வரம்புக்குள் கொண்டுவந்தது. எரிபொருளிலுள்ள கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இந்த வரம்பைச் சிறிய, விலை குறைந்த டீசல் கார்களில் எட்டுவதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்று கருதிய மாருதி சுசுகி, அந்த ஏப்ரலோடு டீசல் கார்களையே கைவிட்டது. எஸ்.யு.வி. தயாரிப்பாளர்கள் பலர் கைவிடவில்லை. கனமான உடலை இழுக்க டீசலின் முறுக்குவிசை தேவைப்படுவதாலும், வாங்குவோர் அதையே விரும்பியதாலும், வடிகட்டியைச் சேர்த்து விற்பனையைத் தொடர்ந்தார்கள்.

டீசல் இயந்திரத்தில் கரி உண்டாவதற்குக் காரணம் காற்றுப் பற்றாக்குறை அன்று. மொத்தத்தில் பார்த்தால் அங்கே தேவைக்கு மிஞ்சிய காற்றே இருக்கிறது. ஆனால் அழுத்தத்தால் கொதித்துக் கிடக்கும் அந்தக் காற்றினுள் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட்டவுடனேயே எரியத் தொடங்குவதால், ஒவ்வொரு துளிக் கூட்டத்தின் நடுவிலும் எரிபொருள் மிகுந்தும் ஆக்சிஜன் குறைந்தும் போகின்றது. அங்கே முழுமையாக எரியாத கரிம அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரித்துகளாகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கை ஒட்டிய, அதாவது 0.1 மைக்ரான் அளவினவாகவோ அதைவிடச் சிறியனவாகவோ இருக்கும். மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள்வரை செல்லக்கூடிய அளவு அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

வடிகட்டியின் உட்பகுதி, சைலென்சர் குழாயின் வழியில் அமைந்த ஒரு பீங்கான் உருளை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் அதில் நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக ஒருபுறமும், மற்றவை மறுபுறமும் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு குழாயினுள் நுழைந்த புகை அதன் மறுமுனையில் வெளியேற வழியின்றி, பக்கச் சுவரின் நுண்துளைகளினூடே கசிந்து அடுத்த குழாய்க்குள் புகுந்துதான் வெளியேற முடியும். இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. அந்தச் சுவரின் துளைகள் 10 முதல் 20 மைக்ரான் வரை அகலமுள்ளவை, கரித்துகளோ அதில் நூறில் ஒரு பங்குதான். அப்படியிருந்தும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட துகள்கள் பிடிபட்டுவிடுகின்றன. துளையைவிடப் பெரியது தங்கும், சிறியது ஒழுகும் என்ற சல்லடைக் கணக்கு இங்கே செல்லாது.

அதற்கான விடை, காற்றில் மிதக்கும் மிகச் சிறு துகள் எதுவும் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதில் இருக்கிறது. சுற்றியுள்ள மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலிருந்தும் இடித்துத் தள்ளுவதால் அது ஓயாமல் அலைக்கழிந்துகொண்டே செல்லும். துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு மிகுதியாக அலையும். பிரௌனியன் இயக்கம் எனப்படும் இந்த அலைச்சலுக்கு 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கு வகுத்துக் கொடுக்க, சில ஆண்டுகளில் பிரான்சின் ஜான் பெரன் நுண்ணோக்கியின் கீழ்த் துகள்களின் இடப்பெயர்ச்சியை அளந்து அக்கணக்கைச் சரிபார்த்தார். அணுக்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்பதை ஐயுற்றவர்களையும் ஏற்கச் செய்த சோதனை அதுதான். பீங்கான் சுவரின் வளைந்து நெளிந்த துளைக்குள் செல்லும் கரித்துகள், இந்த அலைச்சலால் எங்காவது ஒரு சுவரைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய கரியின்மேல் அடுத்த துகள் ஒட்ட, சிறிது நேரத்தில் கரிப் படலமே சுவரைவிடச் சிறந்த வடிகட்டியாகிவிடுகிறது. முற்றிலும் புதிய வடிகட்டியைவிடச் சற்றே கரி படிந்த வடிகட்டிதான் திறமாக வேலை செய்யும் என்பது இதன் விளைவு.

கண்ணுக்குத் தெரியாத துகள்களில் இத்தனை பிடிபட்டன என்று எப்படி எண்ணுகிறார்கள் என்ற கேள்வி எழும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் கண்ட வழி இன்றும் அடிப்படையாக நிற்கிறது: துகள் கலந்த காற்றை ஆவி நிறைந்த அறைக்குள் செலுத்திக் குளிரச் செய்தால், ஒவ்வொரு துகளும் தன்மேல் ஆவியைப் படியவைத்துக்கொண்டு ஒரு துளியாகப் பருக்கும், பருத்த துளிகளை எண்ணிவிடலாம். அவர் உருப்பெருக்கியின் உதவியோடு கண்ணால் எண்ணினார். இன்றைய கருவிகளில் பியூட்டனால் ஆவியும் லேசர் ஒளியும் அந்த வேலையைச் செய்கின்றன. பாரத் நிலை 6இன் வரம்பாகிய கிலோமீட்டருக்கு 6,00,00,00,00,000 துகள், அதாவது அறுபதாயிரம் கோடி என்ற எண், இத்தகைய கருவி இல்லாமல் சட்டத்தில் இடம்பெற்றிருக்கவே முடியாது. எண் பெரிதாகத் தோன்றினாலும், வடிகட்டி இல்லாத டீசல் வண்டி அதைப் பல மடங்கு மிஞ்சும்.

பிடித்த கரியை என்ன செய்வது என்பதே அடுத்த சிக்கல். நாள்தோறும் சேரும் கரி துளைகளை அடைத்து, புகை வெளியேற வழியின்றி இயந்திரத்தையே திணறச் செய்துவிடும். அதனால் வண்டி ஓடும்போதே அந்தக் கரியை எரித்துத் தீர்க்க வேண்டும். சர்வீஸ் சென்டர்களில் ரீஜெனரேஷன் எனப்படும் இச்செயலைத் தமிழில் மீளாக்கம் எனலாம். விறகடுப்பில் நெடுநேரம் இருந்த சட்டியை இறக்கிக் கவிழ்த்தால், அடியில் படிந்த கரியில் செந்நிறப் பொறிகள் வரிசை வரிசையாக ஊர்ந்து, சென்ற இடமெல்லாம் கரியைத் தின்று மறைவதைக் கிராமத்துச் சமையலறையில் பார்த்தவர்கள் பலர் உண்டு. வடிகட்டிக்குள் நடப்பதும் அதுவே: சுவாலை எழாமல், சூடும் ஆக்சிஜனும் சேர்ந்த இடத்தில் கரி கனன்று கரியமில வாயுவாகப் போய்விடுகிறது.

ஆனால் அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். நெரிசலில் ஊர்ந்தும் நின்றும் செல்லும் டீசல் வண்டியின் புகைச் சூடு 150 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்குள்தான் இருக்கும். நின்ற இடத்தில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு இயந்திரத்தை ஓடவிட்டால் அதிலும் குறையும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதுகூட அது 300, 400 டிகிரியளவில் நிற்பதே வழக்கம். திருச்சியின் சித்திரை வெயில் இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே அன்று. இந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, வடிகட்டிக்கு முன்னால் பிளாட்டினம் கலந்த ஆக்சிஜனேற்ற வினையூக்கி ஒன்றை வைத்து, புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டைஆக்சைடாக மாற்றுவது. அந்த வாயு 250 டிகிரியைத் தாண்டினாலே கரியை மெல்ல மெல்ல அரித்துவிடும். ஓட்டுநர் அறியாமலே நெடுஞ்சாலையில் நடந்துவிடும் இதை இயல்பு மீளாக்கம் எனலாம். சென்னைக்குப் போய்வரும் வண்டிக்கு விளக்கு எரியாததன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, தூண்டு மீளாக்கம். கரி குறிப்பிட்ட அளவைத் தாண்டியதாக வண்டியின் கணினி கருதினால், எரிதல் முடியும் தறுவாயில் சிறிது டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சுகிறது. அது இயந்திரத்துக்குள் எரியாமல் புகையோடு சென்று வினையூக்கியில் எரிந்து, வடிகட்டியை 600 டிகிரிக்கு ஏற்றுகிறது. இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் இடைவிடாத ஓட்டம் தேவை. அந்நேரத்தில் வண்டி நின்றாலும் இயந்திரத்தின் சுழல்வேகம் சற்று உயர்ந்தே இருக்கும், ரேடியேட்டர் விசிறி உரக்கச் சுற்றும், சூட்டு வாடை வரும், மைலேஜ் சட்டென்று குறையும். சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டால் மீளாக்கமும் அத்துடன் நின்றுபோகும்.

ஸ்ரீரங்கத்து வண்டிக்கு நேர்வது இப்போது விளங்கும். அதன் பயணம் முழுவதுமே இருபது நிமிடம்தான்; அதில் முதல் சில நிமிடங்கள் குளிர்ந்த இயந்திரம் சூடேறுவதற்கே சரியாகிவிடுகின்றன, எஞ்சியவை மாம்பழச்சாலைச் சந்திப்பிலும் பாலத்திலும் சத்திரம் பேருந்து நிலைய நெரிசலிலும் கழிகின்றன. கணினி மீளாக்கத்தைத் தொடங்குகிறது, கடைவீதி வந்துவிடுகிறது, வண்டி நிறுத்தப்படுகிறது. திரும்பும்போது மறுபடியும் தொடங்கி மறுபடியும் பாதியில் முடிகிறது. ஒவ்வொரு முறையும் பீய்ச்சிய கூடுதல் டீசலில் ஒரு பங்கு உருளைச் சுவரில் ஒட்டி வழிந்து என்ஜின் ஆயிலோடு கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அதைக் கண்டு மகிழ இடமில்லை, அங்கே ஏறியிருப்பது டீசல். நீர்த்துப்போன ஆயில் டர்போவையும் தாங்கிகளையும் காக்கும் வலுவை இழந்திருக்கும்.

வடிகட்டிக்குள் எவ்வளவு கரி இருக்கிறது என்பதைக் கணினி எடை போட்டு அறிவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை ஒப்பிடும் ஓர் உணரியும், ஓடிய தொலைவு, செலவான டீசல், சூடு ஆகியவற்றை வைத்துப் போடும் ஒரு மதிப்பீடும்தான் அதற்கு ஆதாரம். உணரிக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தாலோ அடைத்திருந்தாலோ, கரி இல்லாமலே விளக்கு எரியக்கூடும், கரி நிறைந்தும் எரியாமல் இருக்கக்கூடும். நல்ல மெக்கானிக் ஸ்கேனரைச் செருகியதும் முதலில் பார்ப்பது, இயந்திரம் நின்றிருக்கும்போது அந்த அழுத்த வேறுபாடு பூச்சியத்தை ஒட்டி இருக்கிறதா என்பதைத்தான். அதைப் பாராமலே வடிகட்டியை மாற்றச் சொல்லும் இடத்தில், பல வண்டிகளில் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும் அந்தச் செலவுக்கு ஒப்புக்கொள்ளுமுன் மற்றோர் இடத்தில் காட்டுவது தகும்.

கரி எல்லாம் ஒரே தன்மையதா என்ற கேள்விக்கான விடை, எதிர்பாராத வகையில், ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த ஊரோடு தொடர்புடையது. திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சி.வி. ராமன், 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு, இன்று கரியின் உள்ளமைப்பைப் படிக்கும் கருவியாகப் பயன்படுகிறது. ஒரு பொருளின்மேல் ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு அப்பொருளின் அணுக்கள் அதிரும் விதத்துக்கேற்ப நிறம் மாறி வரும். கரியைப் பொறுத்தவரை அந்த நிறமாலையில் இரண்டு முகடுகள் தெரியும். ஒன்று பென்சில் கரியைப் போல ஒழுங்காக அடுக்கப்பட்ட கரிமத் தளங்களையும், மற்றொன்று அந்த ஒழுங்கு குலைந்த இடங்களையும் காட்டும். ஒழுங்கு குலைந்த கரி பொதுவாக எளிதில் எரியும், ஒழுங்கு மிகுந்தது எரிய அதிகச் சூடு கேட்கும். இயந்திர வடிவமைப்பாளர்கள் எந்தச் சூட்டில் மீளாக்கம் நடத்த வேண்டும் என்று முடிவு செய்வதில் இந்த அளவீடுகளுக்கும் பங்கு உண்டு.

எரித்தாலும் போகாதது ஒன்று உண்டு, அது சாம்பல். என்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கவும் அமிலத்தை முறிக்கவும் சேர்க்கப்படும் கால்சியம், துத்தநாகம் முதலிய உலோகச் சேர்மங்கள், ஆயில் சிறிது சிறிதாக எரியும்போது சாம்பலாகி வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். இதனால்தான் இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வகை கட்டாயமாகக் குறிக்கப்படுகிறது. விலை மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய வகை ஆயிலை ஊற்றுவது, வடிகட்டியின் ஆயுளைத் தெரியாமலே குறைத்துக்கொள்வதாகும்.

விளக்கு எரியத் தொடங்கிய நிலையில் செய்யக்கூடியது எளிது: சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர்ப் பக்கம் வரை, மேல் கியருக்கு அவசரப்படாமல், சுழல்வேகம் 2,000ஐ ஒட்டி இருக்குமாறு சீராக ஓட்டி வந்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். அதையும் புறக்கணித்தால் வண்டி தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொண்டு ஊரத் தொடங்கும். அப்போது சர்வீஸ் சென்டரில் கணினிக் கட்டளையால் வலிந்து மீளாக்கம் செய்து, ஆயிலையும் மாற்ற வேண்டும். கரி அளவுக்கு மீறிச் சேர்ந்த பின் தானாகத் தீப்பற்றினால் சூடு 1,000 டிகிரியைத் தாண்டிப் பீங்கானே வெடித்துவிடலாம். மீளாக்கம் நடந்துகொண்டிருக்கும் வண்டியை வைக்கோல், காய்ந்த புல் ஆகியவற்றின்மேல் நிறுத்தலாகாது என்பதும் இதே சூட்டினால்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் ஓட்டுநரின் பழக்கத்தின்மேல் போட்டுவிடும் சர்வீஸ் சென்டர் வழக்கத்தை ஏற்பதற்கில்லை. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஒரு கூட்டு வழக்கில், 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் ஏறத்தாழ 2,64,000இல் வடிகட்டி அமைப்பின் வடிவமைப்பே குறையுடையது என்று தீர்ப்பளித்தது. அந்தக் குறை வெளிப்பட்டது நகர நெரிசலில் அன்று, மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய தொடர் ஓட்டத்தில். வினையூக்கியின் முகப்பில் படிவு சேர்ந்து மீளாக்கம் தோற்றது. வண்டிகளின் மதிப்பு 17.5 சதவீதம் குறைந்ததாக முதலில் கணக்கிடப்பட்டு, 2023இல் மேல்முறையீட்டில் அது 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வழக்கு அதற்கு மேலும் உயர் நீதிமன்றம்வரை சென்றது. நெடுஞ்சாலையில் ஓட்டினால் தீரும் என்ற அறிவுரை பெரும்பாலும் சரியானதே என்றாலும், ஓட்டியும் தீராத வண்டியில் குறை வேறெங்கோ இருக்கிறது என்பதை இவ்வழக்கு ஆவணத்தோடு காட்டியது.

இத்தனை தொல்லைக்கு ஒரே தீர்வு என்று சில பட்டறைகள் முன்வைப்பது, வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டு, விளக்கு எரியாதபடி கணினியின் நிரலை மாற்றிவிடும் வேலை. இழுவையைக் கூட்டுவதற்காகச் செய்யும் ரீமேப்பும் இதற்குப் பெரும்பாலும் துணை வரும். ரீமேப்பால் பீய்ச்சப்படும் கூடுதல் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாவிடில் கரி மிகும், மிகுந்த கரியைப் பிடிக்க வடிகட்டியும் இராது. வாரண்டி போய்விடும் என்பது இதில் சிறிய இழப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறித்த தன்மையிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்பைக் கண்டு பிடிக்கும் போக்குவரத்துக் காவலருக்கு, குழாய்க்குள் இல்லாத வடிகட்டி கண்ணில் படாது என்பதுதான் இந்தப் பட்டறைகளின் துணிச்சலுக்குக் காரணம்.

மாசுச் சான்றிதழ் மையத்தின் சோதனையும் அதைக் கண்டுபிடிப்பது அரிது. ஆக்சிலரேட்டரை அழுத்தி, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்க்கும் சோதனை அது, 0.1 மைக்ரான் துகள் ஒளியை அவ்வளவாக மறைக்காததால், வடிகட்டி இல்லாத புதிய வகை இயந்திரமும் அதில் தேறிவிடக்கூடும். இதை உணர்ந்த நெதர்லாந்து 2023 ஜனவரியிலும் ஜெர்மனி அதே ஆண்டு ஜூலையிலும், டீசல் கார்களின் காலமுறைத் தகுதிச் சோதனையில் துகள்களை நேரடியாக எண்ணும் கருவிகளைக் கட்டாயமாக்கின. இயந்திரம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை துகள் என்பதைச் சில நிமிடங்களில் அக்கருவி சொல்லிவிடும். இந்தியச் சான்றிதழ் மையங்களுக்கும் அது வந்தாக வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது விற்பனையகத்திலேயே தொடங்குகிறது. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டுபவருக்கு டீசல் எஸ்.யு.வி. பொருந்தாது, பெட்ரோல் வண்டியே ஏற்றது. இதை வாங்குபவரின் தொலைவைக் கேட்டறிந்து சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கு உண்டு. புதிய வண்டிக்கு முன்பணம் கட்டுமுன், தம் அன்றாடப் பயணத்தைச் சொல்லி, அதற்கு இந்த வடிகட்டி தாங்குமா, அடைத்தால் வாரண்டியில் சேருமா என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்வது வாங்குவோருக்கு நல்லது.